மலையனூர் ஸ்பெஷலில் ஏறிய கடல்

பெண் பார்க்கப் போன இடத்தில் ஆண்கள் பொய் சொல்வது ஊர் அறிந்த விஷயம். சம்பளத்தைக் கூட்டிச் சொல்வார்கள், வயதைக் குறைத்துச் சொல்வார்கள், சிகரெட்டா, அந்த வாசனையே ஆகாது என்பார்கள். இதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு சண்டையில் கரைந்துவிடும் பொய்கள். கரையாத பொய் ஒன்று உண்டு. கேட்கும்போது கவிதை மாதிரி இருக்கும் பொய். நான் சொன்னது அந்த ரகம்.

மரக்காணத்தில் மல்லிகாவின் வீடு. ஜன்னலுக்கு வெளியே உப்பளம் கண்ணைக் கூச வைத்தது. அதற்கும் அப்பால், யாரோ கோடு போட்டு நீலம் தடவியது போலக் கடல். பெரியவர்கள் பெரிய மனது பண்ணி எங்களைத் தனியாகப் பேச விட்டார்கள். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"உங்க ஊர்ல கடல் இல்லியே?"

"கடல்தானே? வீட்டுக்கே கொண்டாந்துட்டாப் போச்சு" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் அன்றிரவு தூங்கவில்லை. (வாக்குக் கொடுத்தவன் தூங்காமல் இருப்பது கவலையினால் என்று நினைக்காதீர்கள். அந்த வசனத்தை நானே திரும்பத் திரும்ப ரசித்துக்கொண்டிருந்தேன்.)

செஞ்சியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கல். மலை என்று பெயர்தான். ஏதோ ராட்சசன் சந்தைக்குப் போகும் வழியில் மூட்டை அவிழ்ந்து கொட்டிய மாதிரி பாறைமேல் பாறை, அதன் மேல் கோட்டை, அதன் மேல் வெயில். பகலெல்லாம் வெயிலைக் குடிக்கும் அந்தக் கற்கள், பொழுது சாய்ந்ததும் ஊர்மேல் அனலாக ஏப்பம் விடும். கடலிலிருந்து வந்தவள் இந்த ஏப்பத்தில் வாடிப்போனாள். புகுந்த வீட்டில் யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் சாயங்காலமானால் கிழக்கே பார்த்து நிற்பாள். காற்று அந்தப் பக்கமிருந்து வருகிறதாம்.

நான் விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டு, நைனாவின் மல்லாட்டை மண்டியில் மூட்டைகளை எடைபோட்டுக்கொண்டிருந்தேன். (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். விலங்கியலுக்கும் அதற்கும் உள்ள தொடர்பை நைனா இன்றுவரை விளக்கவில்லை.) படித்த படிப்பைக் காட்ட இதுவே தருணமென்று முடிவு செய்தேன். கண்ணாடிக் கடையில் சொல்லி ஒரு பெரிய தொட்டி செய்து, மரக்காணத்துக் கடல் தண்ணீரைக் கேன் கேனாகக் கொண்டுவந்து நிரப்பி, அதில் இரண்டு கீச்சான் மீன்களை விட்டேன். வெள்ளி உடம்பில் மை தொட்டு வளைத்த கோடுகள். தண்ணீரை விட்டு எடுத்தால் "கீச், கீச்" என்று முறையிடுவது போலக் கத்தும். சின்ன வயதில் கழிமுகத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே பிடித்து விடுவாளாம் மல்லிகா. தொட்டி வந்த நாளிலிருந்து அவள் கிழக்கே பார்ப்பதை விட்டுக் கூடத்தைப் பார்த்தாள். நான் கடலை ஜெயித்தவனைப் போல மண்டியில் நடமாடினேன்.

பிறகு தண்ணீர் கலங்கியது. மீன் போட்ட எச்சம், தின்னாமல் விட்ட இரை எல்லாம் சேர்ந்து தொட்டி பழைய கஞ்சி மாதிரி ஆனது. ஒரு கீச்சான் செத்து மிதந்தது. இன்னொன்று மூலையில் சாய்ந்து கிடந்து, வாயைத் திறந்து திறந்து மூடியது.

"இதுவும் போச்சுன்னா நான் எங்க ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வரேங்க" என்றாள் மல்லிகா. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அரிசி களைந்துகொண்டே சொன்னாள். அந்தக் 'கொஞ்ச நாள்' எவ்வளவு நீளம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கல்லூரி நூலகத்துக்கு ஓடினேன். அங்கே ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் வழி இருந்தது. பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னத் தொட்டி வைக்க வேண்டும். ரெஃப்யூஜியம் என்று பெயர். அடைக்கலத் தொட்டி என்று நான் தமிழ்ப்படுத்திக்கொண்டேன். அதில் மீன் கிடையாது, கடற்பாசி மட்டும். பெரிய தொட்டியின் அழுக்குத் தண்ணீர் இதற்குள் வரும், பாசி அந்த அழுக்கைத் தின்று வளரும், சுத்தமான தண்ணீர் திரும்பிப் போகும். பாசிக்குள் கூனி என்கிற பொடி இறால்களும் பெயர் தெரியாத பொடி உயிர்களும் மீனின் வாய்க்கு எட்டாமல் நிம்மதியாகப் பெருகும். அவற்றில் வழிதவறிய ஒன்றிரண்டு குழாய் வழியாக மீனிடம் போய்ச் சேரும். (அடைக்கலத்திலும் வழி தவறக் கூடாது என்பது நீதி.)

கட்டினேன். தண்ணீர் போகவர ஆஸ்பத்திரி குளுக்கோஸ் டியூப். பாசிக்கு வெளிச்சம் காட்ட நாற்பது வாட் பல்பு. மண்டியிலிருந்து வந்த நைனா செருப்பைக் கழற்றாமலேயே நின்று பார்த்தார்.

"இன்னாடா இது, பெரிய தொட்டிக்கு ஒரு சின்ன வீடா?"

சமையலறையிலிருந்து அம்மா பலமாக இருமினாள். இருமி முடித்து, "பாசிக்குக்கூட லைட்டு போட்டுட்டான். இங்க பல்பு பீஸ் போயி நான் தடவித் தடவிச் சோறாக்கறேன்" என்றாள்.

தொட்டி தயார், பாசி வேண்டும். நல்ல கடல் தண்ணீரும் ஒரு குடம் வேண்டும். கேன்களில் பாசியை அடைத்தால் நசுங்கும். எனவே அகலவாய்ப் பிளாஸ்டிக் குடம் ஒன்றை எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸிலேயே மரக்காணம் கிளம்பினேன். கரண்டு போனால் மீனுக்கு மூச்சு முட்டும் என்பதால் மல்லிகா வீட்டிலேயே இருந்தாள், கையில் சைக்கிள் பம்போடு. "சாயங்காலத்துக்குள்ள வந்துடுங்க. அதுக்கு மேல தாங்காது" என்றாள். மீனைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா தெரியாது.

அன்று என்ன நாள் என்று நான் காலண்டரைப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையின் பெரும்பாலான விபத்துகளுக்குப் பூர்வாங்கம் இதுதான்.

மரக்காணத்தில் கடல் தண்ணீரைக் குடத்தில் நிரப்பிக்கொண்டு, கழுவெளி உப்பேரிச் சேற்றில் முழங்கால்வரை இறங்கிப் பாசி அள்ளினேன். பச்சைப் பட்டுத்துணியை நூல்நூலாகப் பிரித்துப்போட்ட மாதிரி பாசி. உள்ளே கூனிகள் துள்ளின. கரையேறும்போது காலோடு செருப்பு வரவில்லை. சேறு இரண்டையும் விழுங்கிவிட்டது. பேண்டும் சட்டையும் சேறு. மாமியார் பார்த்துப் பதறி, மாமனாரின் வேட்டி ஒன்றைக் கொடுத்தார். உப்பளத்துத் தண்ணீரில் ஊறி ஊறி வெள்ளை, காவியாகிப்போன வேட்டி. மேலுக்குத் துண்டு. மாமனார் செருப்பையும் எடுத்து வைத்தார். மாமனார் செருப்பில் காலை விடுவதா என்று எனக்கு மாப்பிள்ளை முறுக்கு வந்தது. வேண்டாமென்றேன்.

"தண்ணி சூடாவக் கூடாதுன்றீங்களே மாப்பிள்ளை, ஈரத்துணி சுத்தி மேல வேப்பங்கொழை வச்சா சில்லுனு கெடக்கும்" என்று மாமியாரே குடத்தின் வாயைத் துணியால் கட்டினார். கையில் கிடைத்தது பழைய மஞ்சள் சேலைக் கிழிசல். மேலே கொத்துக் கொத்தாக வேப்பிலை.

இப்போது நீங்களே என்னைப் பாருங்கள். வெறுங்கால். காவிபோல் வேட்டி. திறந்த மார்பில் துண்டு. தலையில் மஞ்சள் துணி கட்டி வேப்பிலை சொருகிய குடம். திண்டிவனத்தில் பஸ் மாறும்போது, பஸ்ஸின் நெற்றிப் பலகையில் "மேல்மலையனூர், செஞ்சி வழி, அமாவாசை சிறப்புப் பேருந்து" என்று எழுதியிருந்ததில் நான் படித்தது 'செஞ்சி' என்ற ஒரு சொல்லை மட்டும்.

அங்காளம்மனைப் பார்க்க அமாவாசைக்கு மலையனூர் போகும் கூட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: பஸ்ஸுக்குள் காற்று இருக்காது, அதன் இடத்திலும் ஒரு ஆள் நிற்பார். நான் படியில் கால் வைத்ததும் கண்டக்டர், "யோவ், கொடத்தைக் கீழ வை. இன்னாது அதுல?" என்றார்.

"தண்ணி சார். கீழ வைக்கக் கூடாது சார்."

இன்ஜின் சூடு பட்டால் பாசி வெந்துவிடும் என்பதைச் சொல்லவந்தேன். அதற்குள் முன்சீட்டிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அனந்தபுரம் சந்தையில் காய்கறிக்கடை போடும் அக்கா. நல்ல ஆகிருதி. சந்தைக்கே கேட்கும்படி கத்திப் பழகிய தொண்டை.

"தண்ணின்றான் பாரு, எம்மாம் அடக்கம்! கீழ வைக்கக் கூடாதுன்னு சொல்லுதில்ல? எந்திரிங்க, எந்திரிங்க, தீர்த்தக் கொடம் வருது!"

பஸ் பிளந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஐந்து பேர் இருந்த அந்த பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. காற்று வந்தது. குடம் மடியில். அந்த நொடியில் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் ஜன்னலோரம் கிடைத்தவன் எந்தக் காலத்தில் உண்மை பேசியிருக்கிறான்?

நான் பொய்யும் பேசவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

"எங்கருந்து தம்பி தீர்த்தம்?" என்றாள் அக்கா.

"மரக்காணம். கடல் தண்ணிதாங்க்கா."

"கடல் தீர்த்தம்!" என்று அவள் பின்சீட்டுக்கு அறிவித்தாள். "யாருக்காகப்பா?"

"பொண்டாட்டிக்காக."

"ஒடம்பு சொகமில்லியா?"

"வீட்டுல ஒரு உசுரு இழுத்துக்கினு கெடக்குது."

"ஐயோ! செருப்புகூட இல்லாம வந்துட்டியே."

"சேத்துலயே விட்டுட்டேங்க்கா."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரோ என் நெற்றியில் விபூதி பூசினார்கள். இன்னொரு கை குங்குமம் இட்டது. ஒரு அம்மாள் குடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தன் மகளுக்கு வேலை கிடைக்க வேண்டுமென்று என்னிடம் மனுப்போட்டாள். குடத்துக்குள் கூனி துள்ளுவது என் தொடைக்குத் தெரிந்தது. எனக்கு வியர்த்தது. அருள் இறங்குகிறது என்று விசிறினார்கள்.

செஞ்சி வந்தது. எழுந்தேன். "நான் எறங்கணும்."

"கோயில் வர்ல, ஒக்காரு" என்றாள் அக்கா.

"இல்லக்கா, எங்க வீடு இங்கதான்."

"வீட்டுக்கு அப்புறம் போவலாம். தீர்த்தத்தைப் பாதில வச்சிட்டுப் போனா வேண்டுதல் இன்னாத்துக்கு ஆவும்? அந்த உசுரு பொழைக்க வேணாமா?"

அந்த உயிர் பிழைக்கத்தான் தாயே நான் இறங்க வேண்டும் என்று நெஞ்சு கத்தியது. வாய், "ம்" என்றது. அதற்குள் செஞ்சிக் கூட்டம் வாசல் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் உள்ளே பொழிந்தது. பஸ் நகர்ந்தது. எங்கள் மண்டி வாசலைக் கடந்தபோது நைனா அங்கே உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். நிமிர்ந்தார். விபூதி, குங்குமம், வேப்பிலை, குடம், ஜன்னலோரம் மகன். நான் கண்ணாலேயே 'காப்பாத்து நைனா' என்று கெஞ்சினேன். அவர் வாயிலிருந்த மல்லாட்டையை மெல்லுவதை நிறுத்தி, எழுந்து நின்று, குடத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மலையனூரில் எலுமிச்சை வாசனையும் புழுதியும் பம்பைச் சத்தமும் ஒன்றாக முகத்தில் அறைந்தன. அக்கா முன்னே நடந்து வழி பிளந்தாள். "ஒத்து, ஒத்து! மரக்காணத்துக் கடல் தீர்த்தம்!" அந்த ஒரு வாக்கியத்துக்கு நாலாபக்கமிருந்தும் கைகள் நீண்டன. சொம்பு, டம்ளர், தூக்குவாளி மூடி. துணியை யார் அவிழ்த்தார்கள் என்றே தெரியவில்லை. குடம் என் தலையிலிருந்து இறங்கியிருந்தது. கண்ணெதிரே கடல் குறைந்தது.

ஒரு பெரியவர் உள்ளங்கையில் வாங்கி ஒரே உறிஞ்சாக உறிஞ்சினார். முகம் கோணியது. "உப்பு கரிக்குதே!"

"கடல் உப்பா இல்லாம பாயசமாவா இருக்கும்?" என்றாள் அக்கா.

பெரியவர் கண்ணை அகல விரித்தார். "வாயில இன்னாமோ துள்ளுது!"

"உசுருள்ள தீர்த்தம்!" என்றது கூட்டம். நெருக்கம் இரட்டிப்பானது.

அவர் விழுங்கிவிட்டார். என் மீனின் ஒருவேளைச் சாப்பாடு அது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. ஒரு பெண் பாசியில் ஒரு கைப்பிடி உருவித் தன் மகள் தலையில் பூவுக்குப் பக்கத்தில் செருகினாளே, அப்போதுதான் எனக்குள் ஏதோ அறுந்தது. மல்லிகா கையில் சைக்கிள் பம்போடு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது கண்முன் வந்தது. பம்பைச் சத்தத்தையும் மீறிக் கத்தினேன்.

"தீர்த்தமில்ல! இது மீன் தண்ணி! எங்க வீட்டு மீனு சாவக் கெடக்குது, அதுக்கு எடுத்துக்கினு போற தண்ணி!"

பம்பை நிற்கவில்லை. மற்ற எல்லாம் நின்றது.

ஒரு கோயில் திருவிழாக் கூட்டத்தின் நடுவில் வேப்பிலையும் விபூதியுமாக நின்று, தான் பக்தனே இல்லை என்று அறிவித்தவனுக்கு என்ன நடக்கும் என்பதை நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் அதே வேகத்தில் நானும் யோசித்தேன். ஓடலாம் என்றால் செருப்பு இல்லை. (இருந்தாலும் ஓடியிருக்க முடியாது. அது வேறு விஷயம்.) பெரியவர் நாக்கை மெதுவாக வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

அக்கா இடுப்பில் கைவைத்து என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். "மீனா?"

"மீனுங்க்கா."

"இழுத்துக்கினு கெடக்குற உசுருன்னியே?"

"அதான்க்கா அது. பொண்டாட்டி ஆசையா வளக்கறா. ஏற்கனவே ஒண்ணு செத்துப்போச்சு. இதுவும் செத்தா அவ ஊருக்குப் போயிடுவா."

அக்கா குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு அந்தச் சந்தைத் தொண்டை வெடித்தது. "அடப்பாவி! செஞ்சியில வாயத் தெறந்து இதைச் சொல்றதுக்கு இன்னா? பஸ்ஸையே நிறுத்தியிருப்பனே!" கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "பாத்துக்கினு நிக்கிறீங்களே, ஊத்துங்க! வாங்கனதைத் திருப்பி ஊத்துங்க! ஒரு பொண்ணு புருசனை வுட்டுட்டுப் போவப் போறா!"

நம்பமாட்டீர்கள். ஊற்றினார்கள். சொம்பிலிருந்து, டம்ளரிலிருந்து, தூக்குவாளி மூடியிலிருந்து. சிலர் முறைத்துக்கொண்டு, சிலர் சிரித்துக்கொண்டு. ஒருத்தி, "வீட்டுக்குத் தெளிக்க ஒரு மொடக்கு மட்டும் வச்சிக்கிறேன்பா" என்று அனுமதி கேட்டாள். மகள் தலையிலிருந்து பாசி திரும்பி வந்தது, கூடவே இரண்டு கனகாம்பரமும். போனது எல்லாம் வரவில்லை. வந்ததிலும் விபூதியும் குங்குமமும் மஞ்சளும் கலந்திருந்தன. பெரியவர் என் அருகில் வந்து ரகசியமாகக் கேட்டார்: "நான் முழுங்கனது ஒண்ணும் பண்ணாதே?"

"கூனிதான் ஐயா. கொழம்பு வைப்பாங்களே."

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா? அமாவாசைன்னு காலையிலருந்து விரதம்" என்று பெருமூச்சு விட்டார்.

அக்காவே என்னைத் திரும்பும் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். கண்டக்டரிடம், "செஞ்சியில எறக்கி வுடு. இவனா எறங்கமாட்டான், புடிச்சித் தள்ளு" என்று சொல்லியனுப்பினாள்.

பொழுது சாயும் நேரம் வீட்டு வாசலில் நின்றேன். மல்லிகா பம்பும் கையுமாக வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் அப்பாவின் வேட்டி, பட்டை விபூதி, காதில் யாரோ சொருகிய வேப்பிலை, குடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கடல், அதில் மிதக்கும் கனகாம்பரம்.

"மாமா வந்து சொன்னாரு, நீங்க பக்தியில எறங்கிட்டீங்க, மலையனூர் போய்க்கினு இருக்கீங்கன்னு. நான் நம்பல" என்றாள். "இன்னாங்க ஆச்சு?"

சொன்னேன். பெரியவர் வாயில் கூனி துள்ளிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு ஆரம்பித்தது. நைனா கும்பிட்ட இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். திருப்பி ஊற்றிய இடத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகி வந்து அந்த வீடு கேட்ட முதல் பெரிய சிரிப்பு. அலை வந்து பாறையில் மோதித் திரும்பி மறுபடி வந்து மோதுவது போல விட்டுவிட்டு வந்தது. நான் குடத்தோடு நின்றுகொண்டே இருந்தேன். கடலைக் கொண்டுவருவேன் என்று சொன்னவன், அன்றைக்குத்தான் கொண்டுவந்திருந்தேன்.

தண்ணீரைத் துணியில் வடிகட்டினோம். அப்படியும் சிவப்பு போகவில்லை. வேறு வழியில்லாமல் அதையே அடைக்கலத் தொட்டியில் ஊற்றிப் பாசியைப் பரப்பி, பல்பைப் போட்டோம். பாசி மீன் எச்சத்தையும் தின்றது, குங்குமத்தையும் தின்றது. சில நாட்களில் தண்ணீர் தெளிந்தது. ஒரு காலை, குளுக்கோஸ் டியூப் வழியாக வழிதவறி வந்த ஒரு கூனியைப் பார்த்துக் கீச்சான் மூலையை விட்டு நிமிர்ந்தது. ஒரே பாய்ச்சல். மல்லிகா ஊருக்குப் போகும் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை. தலைப்பிரசவத்துக்குத்தான் போனாள், அதுவும் மீனுக்கு யார் இரை போடுவது என்று என்னைப் பத்து முறை கேட்டுவிட்டு.

அடுத்த அமாவாசைக்கு வாசலில் ஒரு குரல் கேட்டது. "எம்மா, மீனு பொழைச்சிதா?" அனந்தபுரத்து அக்கா, கூடவே பஸ்ஸில் வந்த நாலைந்து பெண்கள். தொட்டிக்கு முன்னால் வரிசையாக நின்று பார்த்தார்கள். கடைசியில் நின்றவள் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அக்கா ஒரு பை கத்தரிக்காயை மல்லிகாவிடம் கொடுத்து, "புருசன் நல்லவன்தான், வாய்தான் இல்ல. நீ பாத்துக்க" என்று என்னை ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கு உண்டு. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் யாராவது விழுங்கினால், "செஞ்சியில எறங்கு" என்பார்கள். கணக்கில் பெயிலானதை மறைத்த மகளுக்கு அவள் அம்மா சொன்னாள். சர்க்கரை வியாதியை மறைத்து ஜிலேபி தின்ற நைனாவுக்கு என் அம்மா சொன்னாள். எனக்கு எல்லோரும் சொன்னார்கள்.

மகளைப் பெண் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையன் வந்தான். நல்ல பையன். மல்லிகா தட்டில் வைத்த அதிரசத்தை மரியாதைக்காக ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தான், கண்ணில் நீர் தளும்ப. தட்டு காலியாகக் காலியாக அவள் வைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவன் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "போதும்னா செஞ்சியிலயே எறங்கிடுங்க தம்பி" என்றாள்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எங்கள் வழக்கு தெரியாத அவன் அதிரசத்தைக் கீழே வைத்தான். முகம் வெளுத்துவிட்டது. எங்கள் மகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஏனுங்க அத்தை," என்றான், "என்னைப் பிடிக்கலீங்களா?"